ஒதுக்கிய நிலத்துக்கு உடையவர் யார்? தாம்பரம் வட்டாரத்தின் வயலும் திறந்தவெளியும்



வீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் வயலையும் வெற்று மனையையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. நடுவில் திராட்சைத் தோட்டங்களைப் பற்றியும் பேசுவேன். தாம்பரத்துக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நம் விதிகள் நிலத்தை ஒதுக்குகின்றன. ஒதுக்கிய நிலத்தை நம்பிப் பிழைக்கவும் அதற்காகக் குரல் கொடுக்கவும் ஓர் ஆளை அவை ஏற்படுத்துவதில்லை. அதனால்தான் ஒதுக்கியது ஒவ்வொன்றாகக் கைநழுவுகிறது. நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

தாம்பரம் சென்னைக்கு அறிமுகமானதே அதன் வெட்டவெளியால்தான். 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திப் பழகியவர் அவர். ஸ்ட்ரெப்டோமைசின் வராத காலம். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு இவைதான் அன்றைய வைத்தியம். பச்சைமலை அடிவாரத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் காற்றே காரணம். இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. சுமார் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டில் மரம் வைத்து வளர்ப்பதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். அந்த வளாகம் இன்றும் காடாக நிற்பதற்குச் சுற்றுச்சுவர் ஒரு காரணம். அதை நேசித்துப் பார்த்துக்கொண்ட மனிதர்கள் அடுத்தடுத்து இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

மற்ற இடங்களில் நடந்தது வேறு. 2015 டிசம்பர் முதல் நாளை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்துவிட்டுத்தான் நகருக்குள் போனது. மாடியில் நின்றவர்களைப் படகு வந்து இறக்கியது. அந்த மழைக்கு எந்த ஊரும் தடுமாறியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் நின்ற தெருக்கள் பலவற்றின் பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வாய்க்கால், ஏரியின் உள்வாய், நஞ்சை என்றுதான் இருக்கும். அங்கே வீடு கட்டியவர்கள் வசதி படைத்தவர்கள் இல்லை. நகருக்குள் ஒரு கிரவுண்டு வாங்க முடியாமல், வங்கிக் கடனுக்குள் அடங்கும் மனையைத் தேடி வந்த எழுத்தர்கள், ஆசிரியைகள், பஸ் ஓட்டுநர்கள். அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வயலைக் காப்பாற்று என்று பேசும் எவரும் இதை மறக்கக் கூடாது.

சட்டத்துக்கு வருகிறேன். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்தான் சி.எம்.டி.ஏ. என்னும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இயங்குகிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டம். 2026 வரைக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. ஒவ்வொரு சர்வே நம்பரும் அதில் ஏதாவது ஒரு வகைக்குள் வரும்: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று. வேளாண்மை என்று குறித்த இடத்தில் பயிர் செய்யலாம், பண்ணை வீடு போடலாம், மனைப்பிரிவு போடக் கூடாது. போட வேண்டுமானால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் வரும், ஆட்சேபணை கேட்பார்கள், ஏற்றுக்கொண்டால் அரசிதழில் அறிவிப்பு வரும்.

அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், கிராமத்தின் பெயரும் ஏழெட்டு சர்வே எண்களும் பரப்பும் இருக்கும். எந்தத் தெருவுக்குப் பின்னால், எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்று இருக்காது. சர்வே எண்ணைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரோ இருவரோ. ஆட்சேபணைக் காலம் முடிந்து ஜே.சி.பி. வந்து வரப்பைத் தட்டும்போதுதான் பக்கத்துத் தெருவுக்கு விஷயமே தெரிகிறது. சட்டப்படி எல்லாம் முறையாக நடந்திருக்கும். ஆனால் சொல்ல வேண்டியவர்கள் யாருக்கும் சொல்லப்பட்டிருக்காது.

இப்போது நிலத்துக்காரர் பக்கம் வாருங்கள். அகரம்தென்னிலோ வேங்கைவாசலிலோ இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கீரை போடுகிறார். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை. விடியுமுன் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை அலசி, வாழைநாரில் கட்டுக் கட்டி, வண்டியில் ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டில் போடுகிறார். சுற்றிலும் மனை போட்டாகிவிட்டது. வரத்துக்காலை யாரோ மூடிவிட்டார்கள். பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் கழிவுநீர் அவர் வரப்பைத் தொட்டு நிற்கிறது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். புரோக்கர் வாரம் ஒருமுறை வந்து விலை சொல்கிறார். அவர் நிலம் வேளாண்மை வகையில் இருப்பதால் ஊருக்கு மழைநீர் இறங்க மண் கிடைக்கிறது, காற்று கிடைக்கிறது, கீரை கிடைக்கிறது. அவருக்கு என்ன கிடைக்கிறது? பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிடைத்த விலை இவருக்கு மட்டும் மறுக்கப்படுகிறது. ஊர் முழுவதற்குமான சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு, நிலத்தை விற்றுவிட்டாரே என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

திராட்சைக்கு இங்கேதான் வருகிறேன். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நாபா என்று ஒரு மாவட்டம். 1960களில் அங்கேயும் நகரம் பரவி வந்தது. 1968இல் மாவட்ட நிர்வாகம் பள்ளத்தாக்கின் விளைநிலத்தை வேளாண் காப்பு நிலமாக அறிவித்தது. 20 ஏக்கருக்குக் குறைத்து நிலத்தைத் துண்டு போட முடியாது. 1979இல் அது 40 ஏக்கர் ஆனது. எங்கள் நிலத்தின் விலை விழுந்துவிடும் என்று உடைமையாளர்கள் பலர் எதிர்த்தார்கள். விலை விழவில்லை. நிலம் துண்டாகாது என்ற உறுதி வந்ததும் கொடி நடத் துணிந்தார்கள், ஒயின் தொழில் வளர்ந்தது. 1990இல் மக்களே வாக்களித்து ஒரு விதி கொண்டுவந்தார்கள்: விவசாய நிலத்தின் வகையை மாற்ற வேண்டுமென்றால், சில விலக்குகள் தவிர, அதிகாரிகளின் முடிவு போதாது, மாவட்ட மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். 2008இல் மறுபடி வாக்களித்து அதை 2058 வரை நீட்டித்தார்கள். அங்கும் குறை உண்டு. வீட்டு விலை ஏறி, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களே அங்கே குடியிருக்க முடியாமல் தூரத்திலிருந்து வந்து போகிறார்கள். நிலத்தைக் காப்பதோடு வீட்டுக்கும் வழி செய்யாவிட்டால் அந்தப் பாரம் ஏழையின் மேல்தான் விழும்.

சுவிட்சர்லாந்தில் லாவோ என்ற இடத்தில் ஏரிக்கரைச் சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். ஒரு பக்கம் லொசான் நகரம், மறுபக்கம் வெவே நகரம். இரண்டும் நெருக்கி வந்தன. 1977இல் ஃப்ரான்ஸ் வெபர் என்ற சூழலியல் போராளி முன்னெடுத்த கோரிக்கையை அந்த மாநில மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். 2007இல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாயிற்று. பாரிஸ் நகருக்குள்ளேயே மோன்மார்த்ரு குன்றில் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. அங்கே கட்டடம் வரவிருந்தது. அந்தப் பகுதி மக்களும் ஓவியர்களும் எதிர்த்து நின்றார்கள். 1933இல் அந்த இடத்தில் திராட்சைக் கொடி நடப்பட்டது. நம் ஊரில் பல மனைப்பிரிவுகளின் பூங்கா நிலத்தைவிட அது பெரிதல்ல. இன்றும் ஆண்டுதோறும் அறுவடை நடக்கிறது.

இந்த மூன்று இடங்களிலும் கொடிக்கு நடுவே உழைக்கும் ஆட்கள் இருந்தார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். கல் தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, பருவத்துக்குப் பருவம் கவாத்து வெட்டிப் பன்னீர்த் திராட்சை வளர்க்கிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தல் போட்ட விவசாயி அத்தனை செலவையும் பல ஆண்டு அறுவடையில்தான் எடுக்க முடியும். அவரை நிலத்திலிருந்து கிளப்புவது சுலபமல்ல. கீரைக்காரரின் பயிர் ஒரு மாதத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்த விதை போடுவதா, நிலத்தை விற்பதா என்று ஒவ்வொரு மாதமும் அவர் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தாம்பரத்தில் திராட்சை போடச் சொல்லவில்லை. நீண்ட காலத்துக்குக் கை வைத்து உழைக்கலாம் என்ற தெம்பைத்தான் சட்டம் தர வேண்டும் என்கிறேன்.

பயிரும் வீடும் பக்கத்தில் இருந்தால் சச்சரவும் வரும். திராட்சைக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள். பிரான்சில் 2020 ஜனவரி முதல் இதற்கு விதி உண்டு. வீட்டுக்கும் மருந்து அடிக்கும் இடத்துக்கும் இடையே, தாழ்ந்த பயிரானால் 5 மீட்டர், திராட்சை, பழமரம் போன்றவற்றுக்கு 10 மீட்டர், மிகக் கொடிய மருந்துகளுக்கு 20 மீட்டர் விட வேண்டும். விவசாயிகளுக்கு அது அளவுக்கு மீறிய கடுமை, சுற்றி இருப்பவர்களுக்கு அது போதாது என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டன. ஆனாலும் வயலும் வீடும் அக்கம்பக்கமாக வாழப்போகின்றன என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. நம் விதிகளில் மனையின் பக்க இடைவெளி கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து வருகிறது, பக்கத்தில் என்ன விளைகிறது என்பதைப் பார்த்து வருவதில்லை. வயல் சீக்கிரமே மனையாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது.

இனி, உங்கள் தெருவுக்கே வருகிறேன். ஓ.எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அது இருக்கிறது, முன்பும் இருந்தது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு. 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட இடம் உண்டு. அதற்கு மேல் போனால் பணம் செல்லாது, நிலமாகத்தான் தர வேண்டும், தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவைக் கணக்குப் போடுங்கள். கால்வாசி சாலைக்குப் போனால், ஒதுக்க வேண்டியது சுமார் 1,500 சதுர மீட்டர், ஏறக்குறைய ஏழு கிரவுண்டு. சேலையூரில் ஏழு கிரவுண்டின் இன்றைய விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

அது எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் பலமுறை கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் பச்சைக் கோடு போட்டு ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். தானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். ஆனால் பட்டா மாற்றியிருக்க மாட்டார்கள். மூலப் பட்டா பழைய உடைமையாளர் பெயரிலேயே கிடக்கும். இருபது வருடம் கழித்து அவருடைய வாரிசுகள் பட்டாவை எடுத்துப் பார்க்கிறார்கள், தாத்தா பெயரில் இத்தனை சென்ட் மீதி இருக்கிறது என்று தெரிகிறது, விற்றுவிடுகிறார்கள். வாங்குபவர் வில்லங்கச் சான்று போடுகிறார். உட்பிரிவு எண் மாறியிருப்பதால் தானப் பத்திரம் அதில் வருவதில்லை. அவரும் ஏமாந்தவர்தான். வீடு எழும்பிய பிறகு வழக்கு நடக்கிறது.

இன்னொரு வகை, உள்ளாட்சியே எடுத்துக்கொள்வது. மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குப்பை தரம் பிரிக்கும் கூடம். ஒவ்வொன்றும் தேவைதான், ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும். ஆனால் அவற்றுக்கு நிலம் வாங்கப் பணம் ஒதுக்காமல், சும்மா கிடக்கிறது என்று குழந்தைகள் விளையாடும் இடத்தைக் கொடுத்துவிடுகிறோம். உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் தந்த தீர்ப்பு இதற்குப் பெரிய துணை. மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனால் பூங்கா நிலம் அதற்கானது அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

பத்து விழுக்காடுகூட இல்லாத தெருக்களும் ஏராளம். ஊராட்சி அனுமதி என்று ஒரு தாளை வைத்துப் போட்ட மனைப்பிரிவுகள் அவை. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. வாங்கிய ஏழைகளுக்கு அது தேவையான நிவாரணம். ஆனால் வரன்முறைச் சான்று தெருவுக்குச் சட்ட அந்தஸ்து தரும், மைதானம் தராது. எல்லா மனையும் விற்றுத் தீர்ந்த பிறகு மைதானத்துக்கு எங்கே போவது? அந்தத் தெருப் பிள்ளைகள் இன்றும் வண்டிகளுக்கு நடுவே கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஏரிகளின் கதையும் இதே கதைதான். ஆயக்கட்டு விவசாயி இருந்தவரை மதகுக்கும் கலங்கலுக்கும் ஆள் இருந்தது. ஆயக்கட்டு மனையானதும் ஏரியை நம்பியவர் யாருமில்லை. அதன்பின் சாக்கடையும் குப்பையும் வந்தன. சிட்லப்பாக்கத்தில் 2019இல் மக்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதன் பிறகு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைத்தது. புதிதாக ஆட்கள் கிடைத்ததால் பிழைத்த ஏரி அது. அந்த ஏரி வரிசையின் உபரிநீர் செம்பாக்கம், நன்மங்கலம் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022இல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. எல்லையையும் செல்வாக்குப் பகுதியையும் அளந்து முடிக்கும்வரை அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள் கலங்கிப்போனார்கள். எல்லையை முதலிலேயே அளந்து கல் நட்டிருந்தால் சதுப்பு நிலத்துக்கும் நல்லது, கடன் வாங்கி வீடு வாங்கியவருக்கும் நல்லது.

என்ன செய்யலாம்? தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. ஐந்து நகராட்சிகள், ஐந்து பேரூராட்சிகள் சேர்ந்தன. அவற்றின் பழைய கோப்புகள் எல்லாம் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். 70 வார்டுகளிலும் தானப் பத்திரம் பெற்ற திறந்தவெளிகளைப் பத்திர எண், ஆண்டு, பழைய சர்வே எண், புதிய நகர அளவை எண், பரப்பு ஆகியவற்றோடு பட்டியல் போட்டு வெளியிட வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் மாநகராட்சி பெயரில் பட்டா வாங்க வேண்டும். அந்த விவரத்தைத் தகரப் பலகையில் எழுதி அந்த இடத்திலேயே நட வேண்டும். பூங்கா கட்டப் பணம் இல்லையென்றால் கட்ட வேண்டாம். வேலியும் பலகையும் நான்கு வேப்பமரமும் போதும். தெருக்காரர்கள் கீரையோ மூலிகையோ போட முன்வந்தால், கட்டடம் கட்டாமல், பூட்டுப் போடாமல், ஆண்டு ஒப்பந்தத்தில் விடலாம். அப்போது அந்த இடத்துக்காக நகரசபைக் கூட்டத்தில் எழுந்து பேச ஓர் ஆள் இருப்பார்.

வேளாண் நிலத்துக்கு வேறு மருந்து வேண்டும். சாலை விரிவுக்கு நிலம் தருகிறவருக்கு, அந்த நிலத்தின் கட்டட உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ டி.டி.ஆர். சான்று தருகிறோம். ஏரி ஆயக்கட்டிலும் ஆற்றோரத்திலும் கட்டாமல் பயிர் செய்வதாக எழுதித் தரும் விவசாயிக்கும் அதைத் தர வேண்டும். ரயில் நிலையங்களை ஒட்டி உயரமாகக் கட்ட விரும்புகிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளட்டும். வீடும் கிடைக்கும், வயலும் நிற்கும், கீரைக்காரர் மகள் கல்யாணமும் நடக்கும். நில உபயோக மாற்ற விளம்பரம் பத்திரிகையோடு நிற்காமல் சம்பந்தப்பட்ட வயலின் வரப்பிலும் அந்த வார்டின் நகரசபையிலும் வாசிக்கப்பட வேண்டும். மூன்றாவது முழுமைத் திட்டத்தின் தயாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வரைவு வந்ததும் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் அவகாசம் தருவார்கள். அதற்குள் உங்கள் மனைப்பிரிவின் வரைபட நகலை எடுத்து வையுங்கள், பூங்கா நிலத்தின் தானப் பத்திர எண்ணைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய ‘அ’ பதிவேட்டில் அது என்னவென்று கேளுங்கள். இதைச் செய்ய விரும்பும் சங்கங்களோடு உட்கார்ந்து பேச நான் தயாராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன், வாருங்கள்.